மகாலில் தூண்கள் அதிகம்

கொடைக்கானல் மலையில் கவுஞ்சி ஊர்க்காரர் வேலப்பனுக்கு மதுரை புதிதல்ல. பூண்டு மூட்டைகளோடு லாரியில் ஏறி எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறார். ஆனால் அவர் கண்ட மதுரை என்பது ஒரு மண்டி, மண்டிக்கு எதிரே ஒரு புரோட்டாக் கடை, சாப்பிட்டு முடித்தால் மறுபடியும் அதே மண்டி. திருமலை நாயக்கர் மகாலுக்குப் பக்கத்துத் தெருவரைக்கும் போயும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. ஆகவே, மகள் சுபஸ்ரீயின் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மகால் பார்க்க அழைத்துப் போகிறார்கள், பெற்றோர் தரப்பில் ஒருவர் துணைக்கு வர வேண்டும், குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்திருக்கிறது என்று வாட்ஸப்பில் சேதி வந்ததும் மனுஷர் பூரித்துப் போனார். குலுக்கலுக்கு வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் எவர்மிஸ்ட் குளோபல் அகாடமி. கொடைக்கானல் ஏரிக்கு மேலே, மேகம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற மேட்டில் இருந்தது. பூண்டு எதிர்பாராத விலைக்குப் போன ஒரு வருஷத்தில், அந்தச் சூடு ஆறுவதற்குள் வேலப்பன் மகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அங்கே பாடம் நடத்துவது குறைவு, அனுபவம் கொடுப்பார்கள். அனுபவம் கொடுப்பதற்கென்றே டாக்டர் சேனாதிபதி என்று ஒருவர் இருந்தார். ‘அனுபவக் கற்றல் மற்றும் குழந்தைகள் பாதுகாப்பு இயக்குநர்’ என்று அவருடைய அறைக் கதவில் பித்தளையில் பொறித்திருந்தது. இந்த இரண்டு பொறுப்புகளில் இரண்டாவது, முதலாவது நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்டது.

பயணத்துக்கு முந்தைய நாள் பெற்றோர் கூட்டம் நடந்தது. சுபஸ்ரீ வாசலிலேயே அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, அங்க வந்து சத்தமாப் பேசாத. லாவண்யாவோட அப்பா எல்லாம் மெதுவாத்தான் பேசுவாங்க.”

“சரித்தா.”

“இப்பவே சத்தமாத்தான் சொல்ற.”

வேலப்பன் வாயை மூடிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் சேனாதிபதி ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்தார்.

“பெற்றோர்களே! போன வருஷம் நாங்க தஞ்சாவூர் டிரிப் ஏற்பாடு பண்ணோம். ஒரு குழந்தைக்குக்கூட ஒரு சின்னக் கீறல் இல்ல. ஒரு வாந்தி இல்ல. ஒரு அழுகை இல்ல. எப்படி சாத்தியமாச்சு? கடைசி நிமிஷத்துல கேன்சல் பண்ணிட்டோம்.”

அரங்கத்தில் கைத்தட்டல் எழுந்தது. சேனாதிபதி கையமர்த்தினார்.

“இந்த வருஷம் அதைவிடப் பெரிய சவால். நாம போகப் போறோம். பயப்படாதீங்க. இதோ, இதுதான் யூனிட்டி ரோப், ஒற்றுமைக் கயிறு. குழந்தைக்கு ஒண்ணுன்னு வளையம் போட்டிருக்கு. பஸ்ஸை விட்டு ஒரே ஒரு குழந்தை இறங்கினாலும் கயிறோடதான் இறங்கணும். கயிறு இறங்கினா ஒரு வளையம்கூடக் காலியா இருக்கக் கூடாது. நம்ம பள்ளியோட தத்துவமே அதுதான்: ஒவ்வொரு குழந்தையும் சுதந்திரமா, ஒரே கயிற்றுல.”

மறுநாள் வெள்ளனே வேலப்பன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றார். கையில் மனைவி முருகேஸ்வரி கட்டிக்கொடுத்த புளிச்சோறும் பூண்டுத் தொக்கும் இருந்தன. சேனாதிபதி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“மிஸ்டர் வேலப்பன், வேட்டி தடுக்கி விழ வைக்கும் உடை. அனுமதி இல்ல.”

“நாப்பது வருஷமா கட்டுறேன் சார். மலையிலதான் ஏறி எறங்குறேன்.”

“இதுவரைக்கும் விழலைன்னா, விழற வாய்ப்பு சேர்ந்துக்கிட்டே வருதுன்னு அர்த்தம்.”

கணக்கு வேலப்பனுக்குப் பிடிபடவில்லை. கூடைப்பந்து அணியின் கால்சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். அது அவர் நெஞ்சுவரைக்கும் வந்தது. அதற்கு மேலே பளீரென்று மின்னுகிற பச்சைமஞ்சள் மேலங்கி. கழுத்தில் ஒரு விசில். கண்ணாடியில் பார்த்தபோது வேலப்பனுக்கே தன்னிடம் மரியாதையாகப் பேச வேண்டும் போலிருந்தது. பஸ் டிரைவர் சுப்புராஜ் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, “நகராட்சியில இருந்து வர்றீங்களாண்ணே?” என்று கேட்டார். கட்டுச்சோற்றை, உறையில் விவரம் அச்சிடப்படாத உணவு என்று சொல்லி வாங்கி, சேனாதிபதியின் இருக்கைக்கு அடியில் இருந்த சிவப்புப் பெட்டிக்குள் பூட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சத்துக் கட்டி கொடுத்தார்கள். அது கருப்பட்டி நிறத்தில், செருப்பு அடிப்பாகத்தின் உறுதியோடு இருந்தது.

பஸ் கிளம்புவதற்கு முன்னால் பெல்ட் போடுவது எப்படி, கழற்றுவது எப்படி, போடாமலும் கழற்றாமலும் இருப்பது எப்படி என்று சேனாதிபதி செய்து காட்டினார். அதற்குள் வெயில் வந்துவிட்டது.

மலை இறக்கத்தில் ஒவ்வொரு கொண்டைஊசி வளைவு முடிந்ததும் பஸ்ஸை ஓரங்கட்டச் சொன்னார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, “குழந்தைகளே, இந்த வளைவு உங்களுக்குள்ள என்ன உணர்வைத் தந்துச்சு? மனம் திறந்து வெளிப்படுத்துங்க” என்றார்.

முதல் வளைவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வளைவில் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி வெளிப்படுத்தினாள். அவள் பக்கத்துப் பெண்ணும் வெளிப்படுத்தினாள். சேனாதிபதி தன் காலணியைத் துடைத்தபடி, “நேர்மையான வெளிப்பாடு” என்று பாராட்டினார்.

“சார், நிக்காமப் போனா ஒரு புள்ளையும் வாந்தி எடுக்காது” என்றார் சுப்புராஜ். “நின்னு நின்னு போறதுனாலதான் கொமட்டுது.”

“சுப்புராஜ், நீங்க ஓட்டுநர். அனுபவம் என் துறை.”

வெள்ளி அருவி வந்தபோது, சாரல் பட்டால் தரை வழுக்கும் என்று சன்னல்களை மூடச் சொன்னார். கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. “பரவாயில்ல. கண்ணை மூடிக்கிட்டு மனக்கண்ணால பாருங்க” என்றார். இரைச்சல் மட்டும் கேட்க, அத்தனை பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டே அருவியைக் கடந்தார்கள். வேலப்பன் ஒரு கண்ணை லேசாகத் திறந்தார். சுபஸ்ரீ அவரை முறைத்தாள். மூடிக்கொண்டார்.

வத்தலக்குண்டில் வெக்கை அடித்தது. ஸ்வெட்டரைக் கழற்றலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். மலைச் சீருடையிலிருந்து சமவெளிச் சீருடைக்கு மாற தலைமை ஆசிரியையின் அனுமதி வேண்டும், அவர் மலை மேல் குளிரில் இருக்கிறார், கேட்டால் போட்டுக்கொள்ளத்தான் சொல்வார் என்று சேனாதிபதி விளக்கினார். மதுரைக்குள் பஸ் நுழைந்தபோது பிள்ளைகள் அவித்த கிழங்கு மாதிரி இருந்தார்கள்.

மகாலுக்கு எதிர்ப்புறம், சாலையின் இந்தப் பக்கம் பஸ் நின்றது. பிள்ளைகள் சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டார்கள்.

“முதல்ல பாதுகாப்பு ஆய்வு. அதுவரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு சேனாதிபதி தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, சிவப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு தனியாக உள்ளே போனார்.

போனவர் வர நெடுநேரம் ஆனது. திரும்பி வந்தபோது மேலுதட்டில் ஜிகர்தண்டா நுரை வெள்ளை மீசையாகக் காய்ந்திருந்தது. அவர் மேல் பூண்டுத் தொக்கு மணந்தது. சிவப்புப் பெட்டி லேசாகியிருந்தது.

“சார், சோறு…” என்று இழுத்தார் வேலப்பன்.

“பரிசோதிச்சேன். முழுசாப் பரிசோதிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆபத்து எதுவும் இல்ல.” பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். குரல் தழுதழுத்தது. “குழந்தைகளே, நான் உள்ள போய் ஒவ்வொரு இடமா நின்னு பார்த்தேன். அவ்வளவு அழகு! அந்த விதானம்! அந்த முற்றம்! ஆனா வருத்தமான ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கு. உள்ள தூண்கள் அதிகம். ஒவ்வொண்ணும் ஒரு குழந்தையை முழுசா மறைக்கிற அளவுக்குப் பருமன். தூண் இல்லாத மகாலா இருந்தா உடனே அனுமதிச்சிருப்பேன்.”

லாவண்யா உதட்டைப் பிதுக்கினாள்.

“ஏமாற்றம் வேண்டாம். மகாலை நாம பார்க்கத்தான் போறோம். திரையில!”

பஸ்ஸின் முன்பக்கத்துத் திரையில் மகாலைப் பற்றிய படம் ஓடத் தொடங்கியது. வெளிச்சம் அடிக்கிறது என்று சன்னல் திரைச்சீலைகளை இழுத்து மூடச் சொன்னார். திரையில் ஒரு தூண் வந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு சக்கரம் வந்து சுற்றிக்கொண்டே நின்றது. இணையம் மெதுவாக இருந்தது.

சுபஸ்ரீ அப்பாவின் மேலங்கியைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, மகால் இந்தத் துணிக்கு அந்தப் பக்கந்தானே இருக்கு?”

“ஆமாத்தா.”

“அப்புறம் ஏன் இதைப் பாக்குறோம்?”

வேலப்பன் யோசித்தார். சாருக்குப் படிப்பு அதிகம், அதில் எங்கேயாவது காரணம் இருக்கும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. மகளின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது, அந்தக் காரணம் நல்லதாக இருக்காது என்றும் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் லாவண்யா எழுந்து நின்று காலைப் பின்னிக்கொண்டாள். “அங்கிள், எனக்கு அர்ஜென்ட்.”

சேனாதிபதி காதில் கருவியை மாட்டிக்கொண்டு பள்ளியின் சேர்மனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். “ஆமா சார், மாபெரும் வெற்றி சார். குழந்தைங்க மகாலுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்காங்க சார்.” வேலப்பன் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டி, லாவண்யாவையும் காட்டினார். சேனாதிபதி பேச்சை விடாமல், விதிமுறைப்படி செய்யுங்கள் என்பதுபோல ஒற்றுமைக் கயிற்றைக் கைகாட்டிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

வேலப்பன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். ஒரு பிள்ளை இறங்கினால் கயிறு இறங்க வேண்டும். கயிறு இறங்கினால் ஒரு வளையமும் காலியாக இருக்கக் கூடாது. எல்லாப் பிள்ளைகளையும் எழுப்பி, வளையத்துக்கு ஒருவராகப் பிடிக்கச் சொல்லி, பஸ்ஸை விட்டு இறக்கினார்.

“இங்க கக்கூஸ் எங்கண்ணே இருக்கு?” என்று சுப்புராஜிடம் கேட்டார்.

சுப்புராஜ் சாலையைப் பார்த்தார், மகாலைப் பார்த்தார், பிறகு பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தார். “நமக்குத் தெரிஞ்சது அந்த மகாலுக்குள்ளதாண்ணே. வெரசாப் போங்க.”

சாலையில் வண்டிகள் ஓயவில்லை. பயத்தில் வேலப்பன் விசிலை ஊதினார். டவுன் பஸ் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. அதன் பின்னால் எல்லாம் நின்றன. ஓர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “சார், நான் இங்க நிறுத்தல சார், சவாரி எறக்கிட்டு உடனே எடுத்துருவேன் சார்” என்று கெஞ்சினார். வேலப்பன் அவரை மன்னித்தார். சீட்டு வாங்கிக்கொண்டு கயிறு முழுவதும் மகாலுக்குள் நுழைந்தது.

முதலில் லாவண்யாவின் சோலி முடிந்தது. திரும்பி வருகிற வழியில்தான் வேலப்பன் நிமிர்ந்தார்.

கவுஞ்சியில் பெரிய மரங்களை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் இப்படி வரிசையாக, வெள்ளைவெளேரென்று, கிளையே இல்லாமல் மேலே போய் வளைந்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கிற மரங்களைப் பார்த்ததில்லை. புறாக்கள் ஒரு வளைவிலிருந்து இன்னொரு வளைவுக்குப் படபடத்தன. “யாத்தே!” என்றார். அந்த வார்த்தை மேலே போய்ச் சுற்றிவிட்டு அவரிடமே திரும்பி வந்தது. சத்தமாகப் பேசிவிட்டோமே என்று மகளைத் திரும்பிப் பார்த்தார். சுபஸ்ரீ அதைக் கவனிக்கவில்லை. அவள் கயிற்றின் முன்முனையோடு ஒரு தூணுக்கு இடப்பக்கம் போயிருந்தாள். பின்முனைப் பிள்ளைகள் வலப்பக்கம் போயிருந்தார்கள். இருவரும் தூணுக்குப் பின்னால் சந்தித்து, விலகி, இன்னொரு சுற்றுச் சுற்றினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் ஆறாம் வகுப்பு முழுவதும் நாயக்கர் மன்னரின் தூணோடு சேர்த்து இறுகக் கட்டப்பட்டிருந்தது.

“அங்கிள், என் மூக்கு!”

“ஏய், என் சடையை விடு!”

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு தூணே சிரிப்பதுபோல் இருந்தது. வேலப்பன் முடிச்சைத் தேடிப் பார்த்தார். பூண்டு மூட்டை கட்டிப் பழகிய கைக்கே அது அகப்படவில்லை. கடைசியில், “அட கயித்த விடுங்கப்பா” என்றார்.

பிள்ளைகள் கையை விட்டார்கள். கயிறு பொத்தென்று கீழே விழுந்தது. அடுத்த நொடி அங்கே ஒரு பிள்ளையும் இல்லை. தூண்கள்தான் இருந்தன.

சேனாதிபதி சொன்னது உண்மைதான். ஒவ்வொரு தூணும் ஒரு பிள்ளையை முழுசாக மறைத்தது. சிரிப்பு மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. ஊரார் பிள்ளைகள். ஒன்று தொலைந்தாலும் கவுஞ்சிக்குத் திரும்பி முகத்தைக் காட்ட முடியாது. விசிலை முழு மூச்சோடு ஊதினார். பிள்ளைகள் வரவில்லை, மகால் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் அத்தனை பேரும் பயந்துபோய் அவர் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். “நீங்க இல்லைங்க, நீங்க போங்க” என்று வேலப்பன் ஒவ்வொருவராகக் கும்பிட்டு அனுப்பினார். பிறகு தூண் தூணாக ஓடி, பாவாடை நுனியும் சடை நுனியும் கண்டுபிடித்து, ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்தார். பிடிபட்டவர்கள் மற்றவர்களைப் பிடிக்க அவரோடு சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் கிடைத்துவிட்டார்கள், சுபஸ்ரீயைத் தவிர.

“சுபா! ஏத்தா சுபா!”

கவுஞ்சியில் ஒரு தோட்டத்திலிருந்து எதிர்மலைத் தோட்டத்துக்குக் கூப்பிடும் குரல் அது. புறாக்கள் மொத்தமும் கிளம்பின.

“இங்கனதான் இருக்கேன்ப்பா!”

உள்மண்டபத்தில், விதானத்துக்கு நேர் கீழே, அவள் தரையில் மல்லாந்து கிடந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றித் தலைக்கு வைத்திருந்தாள்.

“தேடி உசுரு போயிருச்சேத்தா.”

“அப்பா, படுத்துப் பாரு. நிக்கும்போது சும்மா இருக்கு. படுத்தா சுத்துது.”

வேலப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் படுத்தார். ஆமாம், சுற்றியது. மற்ற பிள்ளைகளும் வந்து பக்கத்தில் படுத்தார்கள். பச்சைமஞ்சள் மேலங்கியோடு ஒருவர் படுத்துக் கிடப்பதைப் பார்த்த காவலாளிப் பெண், கூரையை ஏதோ ஆய்வு செய்கிறார்கள் என்று நினைத்துச் சத்தமில்லாமல் ஒதுங்கிப் போனாள்.

அப்போதுதான் சேனாதிபதி ஓடி வந்தார். தலைக்கவசம் கோணியிருந்தது. கையில் செல்பேசி அணையாமல் இருந்தது.

“மிஸ்டர் வேலப்பன்! இந்தக் கட்டடத்துக்கு என் அனுமதி கிடையாது! குழந்தைங்க தரையில! கயிறு எங்க? கயிறு எங்க சார்?”

லாவண்யா அவரைப் பார்த்துக் கொல்லென்று சிரித்தாள். கயிறு அவர் காலில்தான் சிக்கிக்கொண்டு கூடவே வந்திருந்தது. அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். விழுந்தார். பிள்ளைகளின் சிரிப்பு விதானத்தை எட்டியது.

செல்பேசியிலிருந்து சேர்மனின் குரல் வந்தது. “சேனாதிபதி, அங்க என்ன சத்தம்? பிள்ளைங்களா சிரிக்கிறாங்க?”

“மன்னிக்கணும் சார். ஒரு தவறு நடந்துபோச்சு சார்.”

“இப்படிச் சிரிக்கிற பிள்ளைங்க நம்ம விளம்பரத்துல இதுவரைக்கும் இல்லையேய்யா. போனை அப்படியே பிடிங்க.”

சேனாதிபதி விழுந்த இடத்திலிருந்தே போனை உயர்த்தினார். “தவறுன்னு மத்தவங்க நினைக்கலாம் சார். நாங்க இதைத் திட்டமிடாத கற்றல்னு ஆறு மாசமாத் திட்டமிட்டோம் சார்.”

பள்ளி ஆண்டு விழாவில் வேலப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தன்னிச்சைக் கற்றலின் கௌரவ ஆலோசகர் என்று ஓர் அட்டையும் கொடுத்தார்கள். முருகேஸ்வரி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “இது என்ன சோலிங்க?” என்று கேட்டாள். “படுத்துக் கெடந்ததுக்குக் குடுத்தாக” என்றார் வேலப்பன்.

அடுத்த வருஷம் மதுரைப் பயணம் நெருங்கியபோது அவரை ஒத்திகைக்கு அழைத்தார்கள். கூடைப்பந்து மைதானத்தில் தூண்களுக்குப் பதிலாக நீல நிறத் தண்ணீர்ப் பீப்பாய்களை அடுக்கியிருந்தார்கள். எந்தப் பிள்ளை எந்தப் பீப்பாய்க்குப் பின்னால் தொலைய வேண்டும் என்று சுண்ணாம்பால் எண் போட்டிருந்தது. தொலைவதற்குப் பெற்றோரிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். அனுபவம் உள்ளவள் என்பதால் ஏழாம் வகுப்புச் சுபஸ்ரீயைச் சிரிப்புப் பயிற்சிக்குத் தலைவியாக்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தலைக்கவசத்தோடு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சேனாதிபதி மைக்கைப் பிடித்தார். “முதல் விசில், கயிற்றை விடுறோம். இரண்டாவது விசில், தன்னிச்சையா ஓடுறோம், இடப்பக்கமா. மூணாவது பீப்பாய் தாண்டினதும் சிரிப்பு. அறிவிப்பு வந்ததும் நிறுத்துறோம். மிஸ்டர் வேலப்பன், போன வருஷம் நீங்க எப்படித் தப்பா ஓடுனீங்களோ, அதே மாதிரி சரியா ஓடணும். இயல்பா இருக்கணும். எதுவும் குறுக்க நிக்கக் கூடாதுன்னு வாட்ச்மேனை கேட்டைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கேன்.”

வேலப்பன் பீப்பாய்களைப் பார்த்தார். திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

“அப்பா,” என்றாள் சுபஸ்ரீ, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, “பசிக்குது.”

வேலப்பன் விசிலை ஊதவில்லை. ஓடினார். சுபஸ்ரீ கூடவே ஓடினாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கணம் திகைத்துவிட்டு, தலைக்கவசங்களை உருட்டிவிட்டு, வலப்பக்கமாக அவர்கள் பின்னால் பாய்ந்தார்கள். பீப்பாய்கள் கடகடவென்று சரிந்தன. முதலாவது பீப்பாய் தாண்டும் முன்பே சிரிப்பு தொடங்கிவிட்டது. சேனாதிபதி உற்சாகத்தில் துள்ளினார். “பாருங்க, இதுதான் இயல்பு! இதுதான் ஒரிஜினல்!” என்று கத்தியபடி, அவர்கள் கேட்டைத் தாண்டி மேகத்துக்குள் மறையும்வரை கைதட்டினார்.

இறக்கத்தின் அடியில், ஏரிக்கரை ஓரத்தில், ஜோதிமணி தள்ளுவண்டியில் மக்காச்சோளக் கருது சுட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க வந்து தன் வண்டியைச் சுற்றி மொய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்து விசிறியை நிறுத்தினாள். மேட்டிலிருந்து மைக் சத்தம் மேகத்தில் நனைந்து இறங்கி வந்தது: “தன்னிச்சை நேரம் முடிந்தது… அனைவரும் வளையங்களுக்குத் திரும்பவும்… தன்னிச்சை நேரம் முடிந்தது…”

“என்னண்ணே, மேல யாரோ கூப்புடுறாக?” என்றாள் ஜோதிமணி.

“அவுக ஒத்திகை பாக்குறாகம்மா,” என்றார் வேலப்பன். “நீ வெரசா விசிறு. காரம் தூக்கலாத் தடவு.”